நான்கு கட்டத்துக் குடும்பம்

1985ஆம் ஆண்டுக் குழந்தைகள் தினம் காரைக்காலில் டிசம்பர் எட்டாம் தேதி கொண்டாடப்பட்டது. நவம்பர் பதினாலாம் தேதி சிறப்பு விருந்தினருக்கு ஒழியவில்லை. குழந்தைகளுக்கு எல்லா நாளும் ஒழியும் என்பதால் தேதியை மாற்றுவதில் ஆட்சேபணை இல்லை என்று வட்டாரச் சிறார் கலைக் களிப்பு ஒருங்கிணைப்புக் குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. குழுவில் பதினேழு பேர். எல்லாரிலும் இளையவருக்கு ஐம்பத்தொரு வயது.

கொண்டாட்டத்தின் முக்கிய நிகழ்ச்சி ஒரு கார்ட்டூன் படம். வீடியோ கேமைப் பற்றியது. படம் நட்பின் அடையாளமாகக் கடல் கடந்து புதுச்சேரிக்கு வந்து, அங்கே யாரும் சீண்டாமல் கிடந்து, கடைசியில் இரண்டு தகர டப்பாக்களில் காரைக்காலுக்குத் தள்ளிவிடப்பட்டது. குழுவில் ஒருவரும் வீடியோ கேமைக் கண்ணால் கண்டதில்லை. கண்டிராத காரணத்தால் கூடுதல் எச்சரிக்கையோடு நடந்துகொண்டார்கள். வீடியோ என்ற சொல் வருவதால் காவல் துறையிடம் தடையின்மைச் சான்று கேட்டார்கள். விளையாட்டு என்பதால் விளையாட்டுத் துறைக்கு எழுதினார்கள்; மேற்படி விளையாட்டால் எலும்பு முறிவு ஏற்படாது என்று அந்தத் துறை பதில் தந்தது. படத்தில் ஒரு நாய் வருவதாக யாரோ சொன்னதால் கால்நடைத் துறைக்கு ஒரு நகல் போனது. நாய்க்கு ஊசி போடப்பட்டிருக்கிறதா என்று அங்கிருந்து பதில் கேள்வி வந்தது. அந்தக் கடிதப் போக்குவரத்து இன்னும் முடியவில்லை என்று கேள்வி.

எல்லாச் சான்றும் வந்த பிறகு குழு விளம்பரம் செய்தது. 'குடும்பத்தோடு வந்து கண்டு களியுங்கள். அனுமதி இலவசம். குடும்பங்கள் மட்டும்.'

வரிச்சிக்குடி பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த முத்தையன் அந்த விளம்பரத்தைப் படித்துவிட்டு, தனக்குக் குடும்பம் இருக்கிறது என்று நம்பினார். மனைவி செல்லம். பதினொரு வயதுத் தியாகராசன், பத்து வயதுப் புனிதவதி, எட்டு வயது ராசாத்தி என்று மூன்று பிள்ளைகள். ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ், ஒரே சட்டிக் குழம்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதைக் குடும்பம் என்று நினைத்ததில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

படம் பார்க்க வேண்டும் என்று தவியாய்த் தவித்தது ராசாத்திதான். அந்த வீட்டில், ஏன் வரிச்சிக்குடி முழுவதிலும், வீடியோ கேமைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் அவள். காரைக்கால் டவுனில் ஆர்மான் என்று ஒரு பிரெஞ்சுப் பென்ஷன்காரர் இருந்தார். தமிழர்தான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து சைகோன் வரைக்கும் போய்ச் சண்டை போட்டு, இப்போது மாதாமாதம் பென்ஷன் வாங்கிக்கொண்டு மனைவி மரி-ரோஸோடு கொசுவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மொப்பெட்டுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் முத்தையன் ஒருவர்தான். போன மே மாதம் முத்தையன் மொப்பெட்டைப் பிரித்துப் போட்டிருந்தபோது, கூட வந்திருந்த ராசாத்திக்கு, பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஆர்மானின் பேரன் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியைக் கொடுத்தான். இரண்டே பொத்தான். உள்ளே ஒரு கறுப்புப் பொம்மை, மேலேயிருந்து விழுகிறதையெல்லாம் ஓடி ஓடிப் பிடித்தது. ராசாத்தி கால் மணி நேரம் விளையாடினாள். அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்தப் பொட்டு அளவு பேட்டரி காரைக்காலிலும் இல்லை, நாகப்பட்டினத்திலும் இல்லை. பேரன் பெட்டியோடு பிரான்சுக்குப் போய்விட்டான். அன்றையிலிருந்து ராசாத்தி கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாகப் பொம்மை வரைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, அந்தப் பொம்மை பெருசா வருமாமுல்ல. என்னைய அழைச்சிட்டுப் போவியா?"

"உனக்காவத்தான்டி போறதே" என்றார் முத்தையன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று மறுநாளே கடையைச் சாத்திவிட்டுக் குழுவின் அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே எழுத்தர் தெட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருந்தார். குடும்பம் என்று வாயால் சொன்னால் போதாது, குடும்ப அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அதற்குப் படிவம் நிரப்ப வேண்டும், படிவம் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார். நாளைக்குப் போனபோது ரேஷன் கார்டு கேட்டார். கார்டைக் கொண்டுபோனபோது அதில் இருக்கிறவர்கள் குடும்பமா அல்லது சேர்ந்து சாப்பிடுகிறவர்களா என்பதற்கு வேறு சான்று கேட்டார்.

"ஒரே குடும்பம்தாங்க. ஊருல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"ஊரு சொல்லும். ஊருக்கு சீல் இருக்கா?"

முத்தையன் வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். மஞ்சள் துணிக்குள் ஒரு காகிதம் அகப்பட்டது. கணவன் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் வரிசையாக எழுதி, மேலே சிங்கம், கீழே மூன்று அதிகாரிகளின் கையெழுத்து, ஊதா நிறத்தில் நாலு சீல். அவர் வாழ்க்கையில் அதைவிடக் கனமான காகிதம் எதுவும் கிடையாது. அதை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் தலையில் அவரே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட இடம் இதுதான்.

அது 1976ஆம் வருஷம் கொடுத்த 'சிறு குடும்ப நற்சான்றிதழ்'. அந்த வருஷம் ஆள் பிடித்துப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு முகாமில் முத்தையனையும் படுக்க வைத்தார்கள். எழுந்தபோது கையில் இந்தக் காகிதத்தையும் ஒரு நீல பிளாஸ்டிக் வாளியையும் கொடுத்தார்கள். ஆபரேஷன் ஆனாலும் மூன்று மாதம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய டாக்டர், அன்றைக்கு மந்திரி பேச்சு நீண்டுவிட்டதால் சொல்லாமலே போய்விட்டார். பத்தாம் மாதம் ராசாத்தி பிறந்தாள். அவளைக் குளிப்பாட்டியது அந்த நீல வாளித் தண்ணீரில்தான். சான்றிதழிலோ 'பிள்ளைகள்: இரண்டு. இனி: இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

தெட்சிணாமூர்த்தி காகிதத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார்.

"இதை மொதல்லயே காட்டியிருக்கக் கூடாதாங்க? நீங்க சாதாரண குடும்பம் இல்லைங்க. முன்மாதிரிக் குடும்பம்!"

முத்தையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படிவம் எங்கிருந்தோ உடனே வந்தது. அதில் நாலே நாலு கட்டம். குடும்பத் தலைவர், மனைவி, முதல் குழந்தை, இரண்டாம் குழந்தை. கட்டங்களுக்குக் கீழே சிவப்பு முக்கோணம் அச்சடித்திருந்தது. தெட்சிணாமூர்த்தி நாலையும் நிரப்பி முடித்துப் பேனாவை மூடினார்.

"இன்னொரு புள்ள இருக்குங்க. ராசாத்தி."

"எங்க?"

"வீட்டுலங்க."

"வீட்டுல இருக்கட்டும். படிவத்துல எங்க இருக்கு?"

"அதாங்க, எழுதிக்கிட்டீங்கன்னா..."

"எடம் இல்லாத புள்ளைய நான் எங்கங்க எழுதுறது?"

"ஓரத்துல எழுதுங்களேன்."

"ஓரத்துல எழுதினா அது குறிப்பு. புள்ள இல்ல."

முத்தையன் மறுநாள் கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து ராசாத்தியின் பிறப்புச் சான்றை வாங்கிவந்து நீட்டினார். தெட்சிணாமூர்த்தி அதை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இது பொறந்ததுக்குச் சான்று. பொறக்கலாம்னு சொன்னது யாரு?"

அதற்கான சான்றை எந்த ஆபீஸில் கொடுப்பார்கள் என்று முத்தையன் கேட்டார். ஆகவே கோப்பு, குழுவின் செயலாளர் சோமசேகரனிடம் போனது. சோமசேகரன் பெரிய படிப்பாளி. யாரிடமும் எரிந்து விழ மாட்டார். குரலை உயர்த்தாமலே ஆளைக் கொன்றுவிடும் பக்குவம் அவருக்கு இருந்தது.

"உக்காருங்க முத்தையன். உங்க ஆபரேஷன் வெற்றின்னு ஒன்பது வருஷத்துக்கு முன்னால மேலிடத்துக்கு ரிப்போர்ட் போயிருக்கு. அந்த ரிப்போர்ட்ட வச்சு நம்ம வட்டாரத்துக்குக் கேடயம் குடுத்திருக்காங்க. அதோ, அலமாரி மேல இருக்கு பாருங்க. இப்ப இந்தப் பொண்ணு படம் பார்க்க வந்தா என்ன ஆகும்? ரிப்போர்ட் பொய்யாயிரும். ஒரு கார்ட்டூன் படத்துக்காக ஒரு ரிப்போர்ட்டப் பொய்யாக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

"அப்ப இந்தப் பொண்ணு யாருங்க?"

"அது உங்க சொந்த விஷயம். அதுல அரசாங்கம் தலையிடாது."

முத்தையன் இந்தப் பதிலை வீட்டில் வந்து அப்படியே சொன்னார். செல்லம் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என் புள்ளைய யாருன்னு கேக்கவா அவனுக்குச் சம்பளம் குடுக்குறாங்க? அந்த வாளிய எடுத்துட்டுப் போயி அவன் மேசையில கவுத்துட்டு வாங்க. படமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"புள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன் செல்லம்."

"அப்ப அவளை உள்ள உக்கார வைக்க வழியப் பாருங்க. இல்லாட்டி நாங்க யாரும் வரலை."

வழி சொன்னவர் ஆர்மான்தான். மொப்பெட்டின் சங்கிலியை மாட்டிக்கொண்டே முத்தையன் கதையைச் சொன்னார். ஆர்மான் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். லிவ்ரே. கல்யாணத்தன்று பிரெஞ்சு அரசாங்கம் கொடுக்கும் குடும்பப் புத்தகம். முதல் பக்கத்தில் புருஷன், பெண்டாட்டி. அப்புறம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்.

"எத்தனை பக்கம்னு எண்ணு முத்தையா."

முத்தையன் எண்ணினார். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இடம் இருந்தது.

"எனக்கு நாலுதான். மிச்ச எட்டுப் பக்கம் சும்மா கெடக்கு. எங்கள மாதிரி பிரெஞ்சுப் பென்ஷன்காரங்களுக்கு முன்வரிசையில சீட்டு போட்டு அழைப்பு வந்திருக்கு. படிவம் கிடிவம் ஒண்ணும் கேக்கலை. லிவ்ரே கையில இருந்தா போதுமாம். அந்தப் பொண்ணை எங்கூட அனுப்பு. என் பேத்தின்னு அழைச்சிட்டுப் போறேன்."

"தப்பாயிடாதுங்களா முசியே?"

"சைகோன்ல நான் பார்க்காத தப்பா? இது தப்புல சேராது" என்றார் ஆர்மான்.

டிசம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து விட்டு விட்டு மழை. மரி-ரோஸ் தன் பேத்தியின் பழைய கவுன் ஒன்றை ராசாத்திக்குப் போட்டு, தலையை வாரி ரிப்பன் கட்டிவிட்டார். யாராவது பேர் கேட்டால் ரோசலி என்று சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். செல்லத்துக்கு அது பிடிக்கவில்லை. படம் முடிகிற வரைக்கும்தானே என்று முத்தையன் சமாதானம் சொன்னார். ராசாத்திக்கு ஒன்றும் வருத்தமில்லை. கவுனில் பை இருந்தது. பைக்குள் கட்டம் போட்ட நோட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

மண்டப வாசலில் தெட்சிணாமூர்த்தி நின்றார். ராசாத்தியை அவர் காகிதத்தில் மட்டுமே பார்த்திருந்தார். ஆர்மான் லிவ்ரேயை நீட்டினார். தெட்சிணாமூர்த்திக்குப் பிரெஞ்சு தெரியாது. சீல் பார்க்கத் தெரியும். சீல் இருந்தது. பக்கங்களை மரியாதையாகப் புரட்டினார்.

"இவ்ளோ புள்ளைக்கு எடம் வுட்டிருக்காங்களா?"

"பன்னெண்டு."

"நல்ல நாடுங்க" என்று சொல்லி வழிவிட்டார். மூவரும் முன்வரிசையில் பஞ்சு வைத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள். ராசாத்தியின் கால் தரையில் எட்டவில்லை.

முத்தையன், செல்லம், தியாகராசன், புனிதவதி நால்வருக்கும் முன்மாதிரிக் குடும்பம் என்று சட்டையில் குத்த ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். மேடையின் பக்கவாட்டில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். எதற்கு மேடைப் பக்கம் என்று முத்தையன் கேட்டார். கௌரவம் என்று சொன்னார்கள்.

படத்தின் நீளம் நாற்பத்திரண்டு நிமிடம். கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி அடைத்திருந்தார்கள். முந்நூறு பேர் ஈரத் துணியோடு வேர்த்துக்கொண்டிருந்தார்கள். வரவேற்புரை நடந்தது. வரவேற்றவரை வரவேற்று இன்னொருவர் பேசினார். பிறகு செயலாளர் சோமசேகரன் எழுந்தார்.

"இந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நடுநிலையோடு பேச முடியாமல் போயிருக்கும். குழந்தைகள் நாட்டின் கண்கள். அதனால்தான் இரண்டோடு நிறுத்துங்கள் என்கிறோம். எந்த மனிதனுக்கும் மூன்றாவது கண் தேவையில்லை. கடவுளே அதை மூடித்தான் வைத்திருக்கிறார்."

கைதட்டல். கைதட்டச் சொல்லி நாலு பேரை மண்டபத்தின் நாலு மூலையிலும் நிறுத்தியிருந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மைக்கைப் பிடித்தார். "வீடியோ கேம் என்றால் என்ன? எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசும் பயிற்சியை முப்பது வருட அரசுப் பணி எனக்குக் கொடுத்திருக்கிறது" என்று தொடங்கி, கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை என்று காட்டினார். குழந்தைகளுக்காகத் தான் செய்த தியாகங்களைச் சொன்னார். சொந்தப் பிள்ளைகள் ஊட்டியில் விடுதியில் தங்கிப் படிப்பதாகவும், அவர்களைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது என்றும், அந்த நேரத்தையெல்லாம் நாட்டின் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னபோது அவருக்கே கண் கலங்கியது. பின்வரிசையில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. அதை வெளியே தூக்கிப் போகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

பேச்சை முடிக்கும்போது, "படத்துக்கு முன்னால் ஒரு சிறிய கௌரவிப்பு" என்றார். முத்தையனை மேடைக்கு அழைத்தார்கள். நாலு பேரும் ஏறினார்கள். மண்டபம் முழுதும் பிள்ளைகள் காலால் தரையை உதைத்துக்கொண்டிருந்தார்கள். படம் போடு, படம் போடு என்று சத்தம்.

ஏறும்போதே சோமசேகரன் முத்தையன் காதோரம் வந்தார்.

"ஐயா ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. நீங்க பதில் சொன்னதும் லைட்ட அணைச்சுப் படத்தப் போட்ருவோம். தப்பா சொன்னீங்கன்னா படத்த நிறுத்தி வச்சு விசாரணை. உள்ள வரக் கூடாத ஆள் யாராச்சும் வந்திருக்காங்களான்னு ஒவ்வொரு நாற்காலியா பார்க்க வேண்டியிருக்கும்." சொல்லிக்கொண்டே முன்வரிசையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துதான் பார்த்தாரா, வெறுமனே பார்த்தாரா என்பது இன்றுவரை முத்தையனுக்குத் தெரியாது.

சிறப்பு விருந்தினர் சால்வையைப் போர்த்தினார். மைக்கை முத்தையன் வாய்க்கு நேரே நீட்டினார்.

"சொல்லுங்கள். உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?"

முன்வரிசையில், ஆர்மானுக்கும் மரி-ரோஸுக்கும் நடுவில், காலை ஆட்டிக்கொண்டிருந்த ராசாத்தி ஆட்டுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா மைக்கில் பேசுவதை அவள் பார்த்ததே இல்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது. வாயெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

இப்போது வாயைத் திறந்து மூன்று என்று சொன்னால் அவளை அந்த நாற்காலியிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஆறு மாதமாகக் கட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண் படத்தைப் பார்க்காமல் மழையில் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். முத்தையனுக்கு அது மட்டும்தான் தோன்றியது.

"ரெண்டுங்க" என்றார்.

ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் எல்லா மூலைக்கும் கொண்டுபோயிற்று. வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் வழியாகத் தெருவுக்கும் போயிற்று. நாலு மூலையிலும் கைதட்டினார்கள். செல்லம் புருஷன் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். முத்தையன் முன்வரிசையைப் பார்ப்பதற்குள் லைட்டை அணைத்துவிட்டார்கள்.

அவர்களை மேடையிலிருந்து நேரே பக்கத்து அறைக்கு அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். முன்மாதிரிக் குடும்பத்தைப் படம் எடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்ப வேண்டுமாம். முதல் தடவை பிளாஷ் எரியவில்லை. இரண்டாம் தடவை குடும்பம் சிரிக்கவில்லை. சிரியுங்கள் என்று தெட்சிணாமூர்த்தி சொன்னார். 'சிறு குடும்பம் மகிழ்ச்சியான குடும்பம்' என்றுதான் அடியில் அச்சடிக்கப் போகிறார்கள், மகிழ்ச்சி தெரியாவிட்டால் அச்சகத்தில் கேள்வி வரும் என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் கீங் கீங் என்று சத்தம் வந்தது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். புனிதவதி ஓடிப்போய்ச் சுவரில் காதை வைத்தாள்.

"படம் ஓடுதுங்க" என்றான் தியாகராசன். அழுகிற குரல்.

"சத்தம் கேக்குதுல்ல? சத்தமே பாதிப் படம்" என்றார் தெட்சிணாமூர்த்தி. "வந்து நில்லு தம்பி. குடும்பம் குறையுது."

பிறகு ஒரு படிவம். நாலு நகல். ஒவ்வொன்றிலும் பெருவிரல் ரேகையும் வேண்டும், கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவனிடம் ரேகை எதற்கு என்று முத்தையன் கேட்டதற்கு, கையெழுத்துப் போட்டது அவரேதான் என்பதற்கு ரேகை என்றார்கள். கடைசியாகப் பரிசு கொடுத்தார்கள். பிளாஸ்டிக் வாளி. இந்தத் தடவை சிவப்பு.

கதவைத் திறந்தபோது தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். முன்மாதிரிக் குடும்பம் வாளியோடு அசையாமல் நின்றது.

காரைக்கால் பஸ் நிறுத்தத்தில் ஆர்மானும் மரி-ரோஸும் ராசாத்தியைக் கொண்டுவந்து விட்டார்கள். கவுனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் பாவாடை சட்டையில், நோட்டுத் தாளைக் கையில் பிடித்தபடி இருந்தாள். ஆர்மான் முத்தையனின் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

ராசாத்தி யாரையும் பார்க்காமல் அங்கிருந்த ஒரு கடை ஓரமாக ஒதுங்கி நின்றாள். புனிதவதி விடவில்லை. கதை சொல்லு, கதை சொல்லு என்று பிடுங்கினாள்.

"ஒரு கட்டப் பொம்மை. பெட்டிக்குள்ள மாட்டிக்குது" என்றாள் ராசாத்தி. பாடம் ஒப்பிக்கிற குரல். "வாசல் வாசலா போவுது. ஒவ்வொரு வாசல்லயும் ஒரு பூதம் குந்தியிருக்கு. சாவி கேக்குது. சாவி கொண்டாந்தா, இது இல்ல, வேற சாவிங்குது."

"அப்பறம்?"

"செத்துப் போயிரும். மறுபடி மொதல்லேருந்து."

இந்தப் படத்தைத் தெட்சிணாமூர்த்தியின் மேசைக்கு முன்னால் நின்று இரண்டு வாரம் பார்த்தாகிவிட்டது என்று முத்தையன் நினைத்துக்கொண்டார். பக்கத்தில் போய்க் குனிந்து, "படம் நல்லா இருந்துச்சாடி?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவரிடம் வா போ என்று பேசிய பெண். செல்லம் அதைக் கேட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

வரிச்சிக்குடி பஸ் வந்தது. தனியார் பஸ், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நால்வரும் பின்னால் ஏறினார்கள். ராசாத்தி முன்வழியாக ஏறி டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடத்துநர் வந்தார்.

"எத்தனை?"

"ரெண்டு முழு, மூணு அரை. வரிச்சிக்குடி" என்றார் முத்தையன்.

"ரெண்டு புள்ளைதான நிக்குது?"

"முன்னாடி நிக்கிதே, அதுவும் எம் புள்ளதாங்க."

நடத்துநர் முன்னால் எட்டிப் பார்த்தார். "ஏ பாப்பா, நீ இவங்க கூடவா?"

"இல்லைங்க" என்றாள் ராசாத்தி. "அவருக்கு ரெண்டுதான்."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சட்டையில் அட்டை, தோளில் சால்வை, கையில் சிவப்பு வாளி. குழாய் வழியாக அந்தப் பதிலைத் தெருவில் கேட்டவர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். முத்தையன் அட்டையைப் பிய்த்துக் கீழே போட்டார். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

"எனக்கு மூணு புள்ளைங்க!" என்று கத்தினார். "மூணு! எல்லாரும் கேட்டுக்குங்க! உன்னைய வெளிய புடிச்சுத் தள்ளிருவாங்கன்னுதான்டி சொன்னேன். படம் பாக்கணும்னு ஆசைப்பட்டியே, அதுக்காவத்தான்..."

"யோவ், கேட்டுச்சுய்யா. எதுக்குக் கத்துற?" என்று நடத்துநர் ஐந்து சீட்டைக் கிழித்துக் கையில் திணித்தார். அந்த இரண்டு வாரத்தில் காகிதத்தைக் கிழித்துக் கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தவர்களில், கேட்டவுடன் ஐந்து என்று ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

முத்தையன் ஒரு சீட்டை எடுத்து ராசாத்தியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கட்டம் போட்ட நோட்டுத் தாள் இன்னும் மற்றக் கையில் இருந்தது. ஈரத்தில் நைந்துபோயிருந்தது.

"அங்க மைக்குல சொன்னீங்க" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. "இங்க மைக்கு இல்லையே."